பெயரை நம்பாதே, கணுவைத் தேடு: பிள்ளைகளுக்குச் செடி சொல்லிக்கொடுக்க ஒரு கையேடு

மூன்று வருடமாக ஞாயிறு காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை. ஒரு மணி நேரம் செடிகொடி பற்றிப் பேசுவோம், பிய்த்துப் பார்ப்போம், முகர்ந்து பார்ப்போம், கடைசியில் எதையாவது தின்போம். முதல் வாரம் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். சார்ட்டில் ஒரு செடி வரைந்து வேர், தண்டு, இலை, பூ, காய், விதை என்று அம்புக்குறி போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஒப்பித்துவிட்டார்கள். "சரி, உருளைக்கிழங்கு இதுல எங்க இருக்கு அத்தை?" என்று ஒருவன் கேட்டான். மண்ணுக்குள் விளைவதுதானே என்று வேரைக் காட்டினேன்.

தப்பு. உருளைக்கிழங்கு தண்டு. அடுத்த வாரம் பிள்ளைகளிடம் அதை ஒப்புக்கொண்டேன், சார்ட்டைச் சுருட்டி அலமாரிமேல் போட்டேன். அதற்குப் பிறகு பாடம் முழுக்கக் காய்கறிக் கூடையிலிருந்துதான். வீட்டில் ஒரு குழந்தைக்கோ வகுப்பில் முப்பது பேருக்கோ சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்காக, நாங்கள் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

தேவையானவை அதிகமில்லை. பிள்ளைக்கு ஒரு நோட்டு, ஒரு பூதக்கண்ணாடி, விரித்துக்கொள்ளப் பழைய செய்தித்தாள். கத்தி உங்கள் கையில் மட்டும். நோட்டில் ஆறு பக்கம் ஒதுக்கி, பக்கத்துக்கு ஒரு தலைப்பாக வேர், தண்டு, இலை, பூ, காய், விதை என்று எழுதச் சொல்லுங்கள். இனிக் கையில் கிடைப்பதெல்லாம் இந்த ஆறு பக்கங்களில் ஒன்றுக்குப் போக வேண்டும். அதுதான் விளையாட்டு.

முதல் வாரம்: கூடையைக் கொட்டுங்கள்

சந்தையிலிருந்து வந்த பையை அப்படியே செய்தித்தாளில் கொட்டுங்கள். பிரித்துவைக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். கத்தரிக்காய், வெண்டைக்காய், பூசணிக்காய், முருங்கைக்காய் எல்லாம் சண்டையில்லாமல் காய்ப் பக்கத்துக்குப் போய்விடும். பெயரிலேயே காய் இருக்கிறதே! இந்த வகையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேலை மிச்சம். தக்காளி என்று வரும்போது கொஞ்சம் யோசிப்பார்கள். அறுத்து விதையைக் காட்டினால் அதுவும் முடிந்தது. பூவிலிருந்து வந்து உள்ளே விதை வைத்திருந்தால் அது காய், பழுத்தால் பழம்.

கிழங்கில்தான் தகராறு. நம் ஊரில் மண்ணுக்குள் பருத்தது எதுவானாலும் கிழங்கு. உருளை, சேனை, சேம்பு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். இவற்றில் பாதி வேர், பாதி தண்டு. பிரிப்பதற்கு ஒரே ஒரு அடையாளம் போதும். அதற்குத்தான் இரண்டாம் வாரம்.

இரண்டாம் வாரம்: கணு

ஒரு துண்டுக் கரும்பிலிருந்து தொடங்குங்கள். பொங்கல் சமயமாக இருந்தால் இன்னும் நல்லது. கரும்பு தின்ற எந்தப் பிள்ளைக்கும் கணு தெரியும். பல் இறங்காத இடம். அந்த இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணுவை ஒட்டிச் சின்னதாக ஒரு மொட்டு பருத்திருக்கும். கரும்பு நடுகிறவர்கள் விதை விதைப்பதில்லை, கணுவோடு வெட்டிய கரும்புத் துண்டான கரணையைத்தான் நடுகிறார்கள். அந்த மொட்டுதான் முளைத்துப் புதுக் கரும்பாகிறது. தண்டு என்றால் கணு இருக்கும், கணுவில் மொட்டு இருக்கும். வேருக்குக் கணு கிடையாது. நோட்டில் எழுத வேண்டிய விதி இது ஒன்றுதான்.

இப்போது உருளைக்கிழங்கைக் கையில் கொடுங்கள். அதன் 'கண்' என்கிறோமே, அதுதான் கணு. ஒவ்வொரு கண்ணிலும் குண்டூசியைக் குத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நூலால் தொடுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். நூல் திருகிச் சுற்றிக்கொண்டு போகும். இலைகள் தண்டில் ஏறுகிற அதே வரிசை. எங்கள் திண்ணையில் அதிகச் சத்தம் வந்தது இந்த இடத்தில்தான். இஞ்சியிலும் மஞ்சளிலும் வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும், அவையும் கணுக்கள்தான். ஆகவே இஞ்சி தண்டு. சேனையும் சேப்பங்கிழங்கும் தண்டு.

கேரட்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், கணு கிடையாது. அது வேர். அதன் தலைப்பகுதியை மட்டும் ஒரு விரற்கடை நறுக்கித் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தால் இலை துளிர்க்கும், ஏனென்றால் அந்தத் தலையில் கொஞ்சம் தண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழ்த்துண்டை எத்தனை நாள் வைத்தாலும் துளிர்க்காது. மரவள்ளியும் வேர்தான். சேலம் பக்கம் ஜவ்வரிசிக்காக மரவள்ளி போடுகிறவர்கள் கிழங்கை நடுவதில்லை, செடியின் குச்சியை வெட்டித்தான் நடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைவள்ளியும் வேர்தான், ஆனால் அலமாரியில் கிடந்தால் அது முளைவிடும். "கணு இல்லாம எப்படி முளைச்சுது?" என்று கேட்பார்கள், கேட்க வேண்டும். உருளையில் முளை கண்ணிலிருந்து மட்டும்தான் வரும். சர்க்கரைவள்ளியில் கண் என்று ஒன்று கிடையாது, காம்புப் பக்கமாகக் கண்ட இடத்தில் கிளம்பும். சில வேர்களுக்கு அந்தத் திறமை உண்டு என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

வெங்காயம் இன்னொரு பக்கத்துக்குப் போகும். நீளவாக்கில் இரண்டாக நறுக்குங்கள். வேர்க்கற்றைக்கு மேலே, நாம் வெட்டி எறிகிற அந்தத் தட்டையான அடிப்பகுதி மட்டும்தான் தண்டு. கண்ணீர் வரவைக்கிற ஏடுகள் எல்லாம் இலையின் அடிப்பாகம். நம்பாத பிள்ளைக்கு, பச்சையாக முளைவிட்ட ஒரு பழைய வெங்காயத்தை அறுத்துக் காட்டுங்கள்.

வாழை ஏமாற்றுவதில் எல்லாவற்றுக்கும் மேல். நாம் வாழைமரம் என்று கட்டிப்பிடிக்கிற அந்தத் தூண், ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட இலை மடல்கள். உரித்தால் பட்டை பட்டையாக வரும், காயவைத்து நார் கிழித்துப் பூத் தொடுப்போம். எல்லாப் பட்டையையும் உரித்தபின் நடுவில் வெள்ளையாக ஒன்று மிஞ்சுமே, பொரியலுக்கு ஆகிற வாழைத்தண்டு, அதுதான் குலையைச் சுமந்து மேலே போகிற உண்மையான தண்டு. இங்கே பெயர் பொய் சொல்லவில்லை. வாழையின் முதன்மைத் தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது, பக்கக்கன்று வருவதும் அதிலிருந்துதான்.

தென்னை மரமா என்று யாராவது கேட்டால், தொல்காப்பியம் ஒரு பதில் வைத்திருக்கிறது. வைரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி, வெளிப்புறம் இருந்தால் புல், உட்புறம் இருந்தால் மரம். வெட்டுப்பட்ட தென்னைத் துண்டும் வேப்பங்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தென்னைக்கு வெளிச்சுற்று கெட்டி, நடுவில் சோறு. வேம்புக்கு நடுவில்தான் வைரம் பாய்ந்திருக்கும். இன்றைய தாவரவியலும் தென்னையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம், அதாவது விதைப் பருப்பு இரண்டாகப் பிரியாதது, என்று பிரிக்கிறது.

வீட்டுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்புங்கள். புதினாக் கட்டில் கீரையை ஆய்ந்தபின் மிஞ்சும் காம்பை ஒரு டம்ளர் தண்ணீரில், ஒரு கணுவாவது மூழ்கும்படி நிற்க வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் நாறும். எங்கள் வீட்டில் நாறியது.

மூன்றாம் வாரம்: வேரும் இலை நரம்பும்

இது சீக்கிரம் முடிகிற பாடம். மழை பெய்த மறுநாள் வாசலில் களை பிடுங்கச் சொல்லுங்கள். குப்பைமேனியைப் பிடுங்கினால் நடுவில் ஒரு ஆணிவேர், பக்கத்தில் சிறு வேர்கள். புல்லைப் பிடுங்கினால் ஒரே அளவில் கொத்தாகச் சல்லிவேர். அதே செடிகளின் இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், குப்பைமேனியில் வலைபோல நரம்பு, புல்லில் நேர்நேராகக் கோடு. பொதுவாக ஆணிவேர் உள்ளதற்கு வலை நரம்பு, சல்லிவேர் உள்ளதற்குக் கோட்டு நரம்பு. இதைத் தெரிந்துகொண்டால் பிடுங்காமலே வேரைச் சொல்லிவிடலாம். பிள்ளைகள் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் பந்தயம் கட்டுவார்கள்.

நான்காம் வாரம்: ஒரு இலை எது?

ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலையைக் கொடுத்து, "இதில் எத்தனை இலை?" என்று கேளுங்கள். பதினைந்து, பதினேழு என்று எண்ணிச் சொல்வார்கள். விடை ஒன்று.

இதை வாயால் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள், செடியிடம் கூட்டிப்போக வேண்டும். ஈர்க்கு கிளையோடு சேர்கிற இடத்தில், அதன் கக்கத்தில், கடுகளவு ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். பூதக்கண்ணாடியில் நன்றாகத் தெரியும். ஈர்க்கில் நாம் 'இலை' என்று எண்ணிய ஒவ்வொன்றின் கக்கத்திலும் தேடச் சொல்லுங்கள். ஒன்றிலும் இருக்காது. மொட்டு எதன் கக்கத்தில் இருக்கிறதோ அதுதான் முழு இலை. மற்றவை அந்த இலையின் சிற்றிலைகள். இப்படிப் பிரிந்த இலைக்குக் கூட்டிலை என்று பெயர். வேம்பும் புளியும் இப்படித்தான். முருங்கை இன்னும் ஒருபடி மேலே, பிரிந்து பிரிந்து மறுபடியும் பிரியும். முருங்கைக்கீரையை ராத்திரி துணியில் சுற்றி வைத்தால் காலையில் உதிர்ந்து கிடக்கிறதே, அவ்வளவும் சிற்றிலைகள்தான்.

இதோடு சொற்களையும் சேர்த்துக் கொடுங்கள். தென்னைக்கும் பனைக்கும் ஓலை, கரும்புக்கும் சோளத்துக்கும் தோகை. புதிதாக வந்தால் கொழுந்து, தளிர், காய்ந்தால் சருகு. தனியாக ஒப்பிக்க வைக்காதீர்கள், பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் தானாக ஒட்டிக்கொள்ளும். பூவரசு கிடைத்தால் ஆளுக்கு ஒரு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுங்கள். பாடத்துக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் ஊதுங்கள்.

வெளியே போவதற்கு முன்

விதி ஒன்று. வெளியே பறித்த எதையும் வாயில் வைக்கக் கூடாது. சமையலறைப் பொருளை மட்டும்தான் சுவைக்கலாம். அரளி எல்லா வீட்டு வாசலிலும் பூக்கிறது, அதன் எந்தப் பாகமும் நஞ்சு. ஊமத்தங்காய், ஆமணக்கு விதை, சிவப்பும் கறுப்புமாக ஆசைகாட்டுகிற குன்றிமணி, மூன்றையும் முதலிலேயே காட்டி அடையாளம் சொல்லிவிடுங்கள். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு கொடிய விஷம். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதில் நான் கண்டிப்பு.

ஐந்து, ஆறாம் வாரங்கள்: பூ

பூவுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள், போதாமல்கூடப் போகும்.

பள்ளிப் புத்தகங்களில் செம்பருத்தி வரும். நல்ல பூ, ஆனால் அடுக்குச் செம்பருத்தியைக் கொண்டுவந்துவிடாதீர்கள், ஒற்றை அடுக்கு வேண்டும். எனக்குப் பிடித்தது வெண்டைப் பூ. செம்பருத்தியின் சொந்தக்காரன்தான், அமைப்பும் அதேதான், கூடவே அது காயாகிறதையும் அதே செடியில் பார்த்துவிடலாம். காலையிலேயே பறியுங்கள், ஒரு நாள் பூ அது, மதியத்துக்குள் வாடிவிடும். வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகக் கழற்றிச் செய்தித்தாளில் வரிசையாக வையுங்கள். முதலில் பச்சையாகப் புல்லிவட்டம். அடுத்து மஞ்சளாக ஐந்து அல்லி இதழ்கள், அடியில் கருஞ்சிவப்பு. நடுவில் ஒரு குழல், அதைச் சுற்றி மகரந்தப் பைகள், விரலில் பட்டால் தூள் ஒட்டும். குழலின் நுனியில் இருண்ட சிவப்பாகச் சூல்முடிகள். எல்லாம் கழற்றியபின் அடியில் பச்சையாக, ரோமத்தோடு, குட்டி வெண்டைக்காய் ஒன்று! சூலகம் என்று நீங்கள் சொல்வதற்குள் யாராவது "வெண்டைக்காய்" என்று கத்திவிடுவார்கள்.

பூசணிக் கொடி இருந்தால் ஆண் பூவையும் பெண் பூவையும் தேடலாம். பெண் பூவுக்கு அடியில் உருண்டையாகக் குட்டிப் பூசணி இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்பு. "நிறையப் பூக்குது, காய்க்கவே இல்ல" என்று புலம்புகிற வீடுகளில், பூத்தது அத்தனையும் ஆண் பூவாக இருக்கும்.

செண்டுப் பூவில் ஒரு 'இதழை' உருவச் சொல்லுங்கள். அடியில் கறுப்பாக விதைபோல ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அது இதழில்லை, ஒரு தனிப் பூ. செண்டு என்பது நூற்றுக்கணக்கான பூக்களின் கூட்டம். சூரியகாந்தியும் அதே குடும்பம்தான். காகிதப்பூவில் இதற்கு நேர்மாறான ஏமாற்று. பளிச்சென்ற வண்ணத் தாள்கள் பூவே இல்லை, நடுவில் வெள்ளையாகச் சின்னக் குழலாக நிற்பதுதான் பூ.

வாழைப்பூ ஆய்கிற நாள் வந்தால் பிள்ளைகளை உட்கார வையுங்கள், உங்களுக்கும் உதவி. சிவந்த மடலைத் தூக்கினால் உள்ளே வரிசையாகப் பூக்கள். ஒவ்வொரு பூவிலும் நாம் எடுத்து எறிகிறவை இரண்டு. பிளாஸ்டிக் மாதிரி இருக்கிற கண்ணாடிச் செதில் ஒன்று, அது ஒரு இதழ். இன்னொன்று தீக்குச்சிபோலத் தலை பெருத்து விறைத்து நிற்கும் கள்ளன். அதுதான் சூல்தண்டும் சூல்முடியும். வேகாமல் பல்லில் சிக்கி மாமியாரிடம் திட்டு வாங்கித் தருகிற கள்ளன், பூவின் பெண் பாகம் என்று எனக்கே நாற்பது வயதில்தான் தெரிந்தது. குலையின் மேல்சீப்புகளில் பெண் பூக்கள் காயாகிவிடும். கடைசியில் தொங்கி நம் கைக்கு வருகிற பூவில் இருப்பவை பெரும்பாலும் ஆண் பூக்கள், அவற்றில் அந்தப் பெண் பாகம் பெயருக்குத்தான் நிற்கிறது.

ஏழாம் வாரம்: காயில் பொய் சொல்கிறவை

வேர்க்கடலை வேரில் காய்ப்பதில்லை. பெயர் அநியாயமாக ஏமாற்றுகிறது. மஞ்சள் பூ செடியில் மேலேதான் பூக்கும். வாடியபின் பூவின் அடியிலிருந்து ஒரு காம்பு கீழ்நோக்கி நீண்டு மண்ணுக்குள் இறங்கும். விவசாயிகள் அதை விழுது என்கிறார்கள். மண்ணுக்குள் போனபின் அதன் நுனி காயாகப் பருக்கும். செடியோடு பிடுங்கிய கடலை கிடைத்தால் ஒரு காயைப் பிடித்து அது எங்கே போய் முடிகிறது என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், விரல் தண்டில் போய் நிற்கும். வேரில் சிறு மணிகள் தொங்குவது வேறு. அவை வேர் முடிச்சுகள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிற பாக்டீரியா குடியிருக்கிற வீடுகள்.

முந்திரியில் நாம் பழம் என்று சப்புகிறது பருத்த பூக்காம்பு. கீழே தொங்குகிற கொட்டைதான் உண்மையான கனி. பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். பலாவில் ஒவ்வொரு சுளையும் ஒரு பூவிலிருந்து வந்தது, சுளையாகாமல் போன பூக்கள்தான் சடை. அத்தி பூத்தாற்போல என்கிறோம், பாவம் அத்தி. அது தவறாமல் பூக்கிறது, காய்க்குள்ளேயே பூப்பதால் நமக்குத் தெரிவதில்லை. ஒரு அத்திக்காயைப் பிளந்து கண்ணாடியில் பார்த்தால் உள்சுவர் முழுக்கப் பூ.

எட்டாம் வாரம்: விதை

முந்தின ராத்திரி மொச்சையை ஊறவைத்துவிடுங்கள். காலையில் பிதுக்குப்பருப்புக்குப் பிதுக்குகிற மாதிரி பிதுக்கினால் தோல் கழன்றுவிடும், அது விதையுறை. உள்ளே இரண்டு பருப்பு, அவைதான் வித்திலைகள். மெதுவாகப் பிரித்தால் ஓரத்தில் வளைந்தபடி ஒரு குட்டிச் செடி ஒட்டியிருக்கும். வேர் முனையும் உண்டு, மடித்த இலையும் உண்டு. குழம்பில் போடுகிற துவரம்பருப்பு பாதி விதை, அதாவது ஒரு வித்திலை.

அப்புறம் நெல்லும் அரிசியும். இரண்டையும் தனித்தனியாக ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். நெல் முளைக்கும், அரிசி முளைக்காது. ஏன் என்பதற்கு விடை அரிசியிலேயே இருக்கிறது. ஒரு பச்சரிசியைக் கண்ணாடியில் பாருங்கள், ஒரு முனையில் எலி கடித்தமாதிரி சின்னப் பள்ளம் தெரியும். குட்டிச் செடி இருந்த இடம் அது. தீட்டும்போது தவிட்டோடு போய்விட்டது. நாம் தின்கிற வெள்ளைப் பகுதி அதற்காகச் சேமித்து வைத்திருந்த சாப்பாடு.

தேங்காயும் அதே கதைதான், பெரிய எழுத்தில். மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெத்தென்றிருக்கும், முளை வெளியே வருவது அதன் வழியாகத்தான். தண்ணீரும் பருப்பும் முளைக்கான கட்டுச்சோறு. தேங்காய்ப்பூ உடைத்துத் தின்கிறோமே, அந்தப் பஞ்சு உருண்டை, முளை அந்தச் சோற்றை உறிஞ்சுவதற்காக உள்ளே வளர்க்கிற உறுப்பு.

கடைசி வாரம்: அஞ்சறைப் பெட்டி

பரீட்சை. அஞ்சறைப் பெட்டியையும் மசாலா டப்பாவையும் திறந்து நடுவில் வையுங்கள். ஒவ்வொன்றையும் எந்தப் பக்கத்தில் ஒட்டுவது என்று அவர்களே முடிவு செய்யட்டும். கடுகும் வெந்தயமும் விதை. மிளகு காய். மல்லியை நகத்தால் நசுக்கினால் இரண்டாகப் பிளக்கும், அது விதையில்லை, காய்ந்த கனி. மாடித்தோட்டம் போடுகிறவர்கள் அதைத் தேய்த்து உடைத்து விதைப்பது அதனால்தான். மஞ்சளுக்குக் கணு உண்டு, தண்டு. பட்டை என்றால் பட்டைதான், தண்டுப் பக்கம். பிரிஞ்சி இலையில் சண்டை வராது. கிராம்பை ஐந்து நிமிடம் வெந்நீரில் ஊறவிட்டுத் தலையில் உள்ள உருண்டையைப் பிரித்தால் உள்ளே மகரந்தத் தாள்கள் சுருண்டு கிடக்கும், அது விரியாத பூமொட்டு. பெருங்காயம் வேரைக் கீறி எடுக்கிற பிசின், அதைக் கண்டுபிடிக்க வழியில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள்.

கல்பாசியில் எங்கள் கூட்டம் மாட்டிக்கொண்டது. கணு இல்லை, நரம்பு இல்லை, வேரும் இல்லை. இலை என்று நாலு பேர், பூ என்று இரண்டு பேர். அது செடியே இல்லை, ஒரு பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற லைக்கன் என்று சொன்னேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஏழாவது பக்கத்தைத் திருப்பி, மேலே "செடியே இல்லாதது" என்று எழுதி, பசை தடவி ஒட்டினாள். மறுநாள் சாயங்காலம் கேட்டில் வந்து நின்று, காளானையும் அதிலேயே ஒட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டு ஓடினாள்.